ஏற்றிய சூடு எங்கே போயிற்று?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும் என் வகுப்புத் தோழர்கள் கவிதை எழுதப் போய்விட்டார்கள். நிலவையும் மழையையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்தவை இரண்டே. ஒன்று இயற்பியல், அதுவும் தெரியும் என்று நான் சொன்னால் எங்கள் துறைத் தலைவர் சிரிப்பார். மற்றொன்று மணற்குழி. நம் மைதானத்து வேப்பமரத்தை ஒட்டியிருக்கும் அந்தக் குழியில் இரண்டு ஆண்டுகளாக நீளம் தாண்டி வருகிறேன். இயற்பியலும் மணற்குழியும் சந்திக்கிற ஓர் இடத்தில் சென்ற ஆண்டு நான் தோற்றேன். அதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

போட்டிக்கு முன் உடலைச் சூடேற்ற வேண்டும் என்பதை விளையாட்டு வீரர் எவரும் மறுப்பதில்லை. ‘வார்ம் அப்’ செய்யாமல் ஓடுகிறவனை நம் உடற்கல்வி இயக்குநர் மைதானத்தை விட்டே வெளியேற்றிவிடுவார். மெதுவாக ஓடுகிறோம், கை கால்களை வீசுகிறோம், குனிந்து நிமிர்கிறோம், மூன்று நான்கு முறை வேகமாக ஓடிப் பார்க்கிறோம். நெற்றியில் வியர்வை துளிர்த்ததும் கடமை முடிந்தது என்று போய் உட்கார்ந்துவிடுகிறோம். அதன்பின் என்ன நடக்கிறது? அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ கழித்து நம் பெயரை அழைக்கும்போது அந்தச் சூடு நம்மிடம் இருக்கிறதா? இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை. என்னிடமும் யாரும் கேட்டதில்லை. சூடேற்றுவதை ஒரு சடங்காகச் செய்கிறோமே தவிர, ஏற்றிய சூட்டைக் காப்பதைப் பற்றி நாம் எண்ணுவதே இல்லை. போட்டிகளை நடத்துகிறவர்கள் அதைவிடவும் எண்ணுவதில்லை. இதுவே என் குற்றச்சாட்டு.

நடந்ததைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு மண்டல அளவிலான கல்லூரிகளுக்கிடையிலான போட்டி தை மாதத்தில் நடந்தது. எங்கள் பக்கத்தில் தை மாதக் காலை எப்படியிருக்கும் என்பது ஜவ்வாது மலை அடிவாரத்துக்காரர்களுக்குத் தெரியும். பனி வேப்ப இலையில் சொட்டும். காலை 8.15-க்கு நீளம் தாண்டுதல் என்று நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டிருந்தார்கள். 7.30-க்குத் தொடங்கி 8 மணிக்கு உடலைச் சூடேற்றி முடித்தேன். பனியன் நனைந்துவிட்டது. கால்கள் இரண்டும் என்னைக் கேட்காமலேயே துள்ளின. பயிற்சியில் 6.40 மீட்டரைப் பலமுறை தொட்டிருக்கிறேன். அன்று அதையும் தாண்டுவேன் என்று நம்பினேன்.

சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவர் வந்து கொடியேற்றாமல் போட்டி தொடங்காது என்றார்கள். எல்லாக் கல்லூரி வீரர்களையும் அணிவகுப்புக்கு வரிசையாக நிறுத்தினார்கள். டிராக் சூட் வைத்திருந்த கல்லூரிகளின் மாணவர்கள் டிராக் சூட்டோடு நின்றார்கள். நாங்கள் கல்லூரி நிறத்துப் பனியனும் அரைக்கால் சட்டையுமாக நின்றோம். 9.10-க்கு விருந்தினர் வந்தார். அணிவகுப்பு, கொடி, உறுதிமொழி, பலூன், பிறகு உரை. உடலை வளர்த்தால் உயிரை வளர்க்கலாம் என்ற பொருளில் அவர் நன்றாகவே பேசினார். நாங்கள் சிமெண்டுப் படியில் உட்கார்ந்து கேட்டோம். நீளம் தாண்டுதலுக்கு என்னை அழைத்தபோது மணி 9.50. வெயில் வந்திருந்தது, தோள் சுட்டது, தொடை மட்டும் யாருடையதோ போல இருந்தது.

போட்டியாளர் 24 பேர். முதல் தாண்டல் 5.88 மீட்டர். அடுத்த முறை வர அரை மணிக்கும் மேலாயிற்று. இரண்டாவதில் ஓட்டத்தின் எட்டு பிசகிப் பலகையைத் தாண்டி மிதித்துவிட்டேன், சிவப்புக் கொடி. மூன்றாவது 6.07. மூன்று வாய்ப்புகளுக்குப் பின் முதல் எட்டுப் பேருக்கு மட்டுமே மேலும் மூன்று வாய்ப்புகள் உண்டு. எட்டாவதாக வந்தவர் தாண்டியது 6.15. எட்டு சென்டிமீட்டர், அதாவது ஒரு தீப்பெட்டியையும் ஒரு விரலையும் சேர்த்து வைத்தால் வரும் நீளம், என் வாய்ப்பை முடித்துவிட்டது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மேலே படிக்கவும் வேலைக்கும் விளையாட்டு ஒதுக்கீடு என்று ஒன்று உண்டு என்பதே இங்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். மண்டலத்தில் தேறினால் அடுத்த கட்டம். அதிலும் தேறினால் ஒரு சான்றிதழ். பணம் கொடுத்து வாங்க முடியாத ஒரு பொருளை உழைத்து வாங்கலாம் என்றால் எங்களைப் போன்றவர்களுக்கு அது சிறிய செய்தியா? ஆகவே அந்த எட்டு சென்டிமீட்டரை என்னால் எளிதில் மறக்க முடியவில்லை.

வீட்டுக்குப் போனபோது சித்தப்பாதான் முதலில் கேட்டார். அவர் பறை அடிப்பவர். நடந்ததைச் சொன்னேன். “ஏண்டா, ஒருவாட்டி காய்ச்சுனா போதும்னு எவன்டா உனக்குச் சொன்னான்?” என்றார். எனக்குச் சுரீரென்றது. சிறு வயதிலிருந்து நான் பார்த்ததுதானே! ஊர்வலம் புறப்படும் முன் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார்கள். ‘டண்’ என்று கேட்கும்வரை காய்ச்சுவார்கள். வழியில் ஊர்வலம் நின்றுவிட்டால் சித்தப்பா சும்மா நிற்கமாட்டார். தெருவோரத்தில் கிடைத்த சருகைக் கூட்டிச் சிறு தீ மூட்டி மறுபடியும் காட்டுவார். தோல் தளர்ந்துவிட்டால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ‘தொப்’ என்றுதான் கேட்கும். பறைத்தோல் ஈரம் போய் இறுகுகிறது. தசை அப்படி உலர்ந்து இறுகுவதில்லை என்பதை அறிவேன். இரண்டும் வேறு வேறு இயற்பியல். ஆனால் காய்ச்சிய வேளைக்கும் அடிக்கும் வேளைக்கும் நடுவே என்ன செய்வது என்ற கேள்வி ஒன்றுதான். எழுதப் படிக்கத் தெரியாத என் சித்தப்பா அதைக் கேட்டிருக்கிறார், நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நூலகத்திலும் கணினி அறையிலும் தேடினேன். கிடைத்தவற்றில் எனக்கு நன்கு விளங்கியதை மட்டும் இங்கே தருகிறேன்.

நாம் ஓடத் தொடங்கியதும் தசையின் வெப்பநிலை முதல் சில நிமிடங்களிலேயே விரைந்து ஏறுகிறது. பத்து முதல் இருபது நிமிடங்களில் ஏறக்குறைய ஒரு நிலைக்கு வந்துவிடுகிறது. தசை தான் எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகிறது, மற்றதெல்லாம் வெப்பம். நம் கல்லூரிப் பேருந்தின் எஞ்சினும் ஏறக்குறைய இப்படித்தான் என்று சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். தசை சூடாகும்போது நரம்புச் செய்தி விரைந்து பாய்கிறது. இழைகள் சுருங்கித் தளரும் வேகம் கூடுகிறது. ஆற்றலைத் தரும் ஏ.டி.பி. என்னும் பொருள் விரைந்து சிதைகிறது. தசை வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் மாறினால் குதிப்பது, பாய்ந்து ஓடுவது போன்ற வெடிப்பான செயல்களின் திறன் 2 முதல் 5 விழுக்காடு வரை மாறும் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறுகிறார்கள். 1987-ஆம் ஆண்டு சார்ஜென்ட் என்ற ஆய்வாளர், கால்களைத் தொட்டி நீரில் வைத்திருந்துவிட்டுப் பிறகு மிதிவண்டிப் பொறியை முழு வேகத்தில் மிதிக்கச் செய்தார். 44 டிகிரி நீரில் வைத்த கால்களின் திறன் வழக்கத்தைவிடச் சுமார் 11 விழுக்காடு கூடியது. 12 டிகிரி நீரில் வைத்த கால்களின் திறன் சுமார் 21 விழுக்காடு குறைந்தது. மனிதர் அதே மனிதர், மனவலிமையும் அதுவே. மாறியது கால்களின் வெப்பநிலை.

ஏறிய சூடு எவ்வளவு நேரம் தங்கும்? அசையாமல் உட்கார்ந்துவிட்டால் பதினைந்து இருபது நிமிடங்களுக்குள்ளேயே அது கணிசமாக இறங்கிவிடுகிறது. கால்பந்தாட்டத்தின் 15 நிமிட இடைவேளையே இதற்குப் போதும். டென்மார்க் நாட்டில் ஆட்டக்காரர்களைக் கொண்டு செய்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், இடைவேளையில் சும்மா உட்கார்ந்திருந்தவர்களின் தொடைத் தசை வெப்பம் ஏறக்குறைய 2 டிகிரி இறங்கியிருந்தது. பாய்ந்தோடும் வேகமும் 2.4 விழுக்காடு குறைந்திருந்தது. இடைவேளை முடியும் முன் ஏழு நிமிடம் மிதமாக ஓடியவர்களுக்கு இந்தக் குறை ஏற்படவில்லை. நீச்சல் வீரர்களிடம் செய்து 2013-இல் வெளியான ஆய்வு இன்னொன்று. சூடேற்றி 20 நிமிடம் கழித்து நீந்தியவர்கள், 45 நிமிடம் கழித்து நீந்தியபோது எடுத்ததைவிட 200 மீட்டரைச் சுமார் ஒன்றரை விழுக்காடு விரைவாக நீந்தினார்கள். நான் காத்திருந்தது 110 நிமிடம்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். எனவே நானும் ஒரு கணக்குப் போட்டேன். என் எடை 58 கிலோ. இரு கால்களிலும் உள்ள தசை சுமார் 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தசையை ஒரு டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 3,500 ஜூல் வேண்டும். ஆக, 12 கிலோவுக்கு 42,000 ஜூல். இப்போது என் நனைந்த பனியனைப் பாருங்கள். உடலின் மேல் ஒரு கிராம் வியர்வை உலர ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வெறும் 20 கிராம் வியர்வை உலர்ந்தால் 48,000 ஜூல் போயிற்று! இருபது கிராம் என்பது நாலு தேக்கரண்டித் தண்ணீர். என் பனியனைப் பிழிந்தால் அதைவிட அதிகம் வந்திருக்கும். இது காகிதக் கணக்குத்தான். உலர்கிற வியர்வை எல்லா வெப்பத்தையும் உடலிலிருந்தே எடுப்பதில்லை; எடுப்பதையும் இரத்தம் உடல் முழுவதும் பங்கிட்டுக்கொள்கிறது; உட்கார்ந்திருக்கும்போதும் உடல் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டுதான் இருக்கிறது. என்றாலும் மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே விதிப்படி, அணிவகுப்பு வரிசையில் நான் ஒரு மண்பானையாக நின்றேன் என்பதில் ஐயமில்லை.

என் தோல்விக்கு இதுவே முழுக் காரணம் என்று சாதிக்க நான் வரவில்லை. திறன் 2 விழுக்காடு குறைந்தால் தாண்டும் தூரமும் அப்படியே 2 விழுக்காடு குறையும் என்று கணக்கிட முடியாது. பதற்றமும் இருந்தது. இரண்டாவது தாண்டலில் பலகையைத் தாண்டி மிதித்தது என் பிழை, தசையின் பிழையல்ல. அதே போட்டியில் 100 மீட்டர் ஓடிய என் வேதியியல் துறை நண்பன் அறுபதாவது மீட்டரில் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். இரண்டு மாதம் நொண்டினான். குளிர்ந்த தசையால்தான் அது கிழிந்தது என்று எழுதினால் கட்டுரைக்குச் சுவை கூடும். ஆனால் காயத்துக்குப் பல காரணங்கள் உண்டு. திறன் குறைவதற்கு உள்ள அளவு உறுதியான சான்று இதற்கு இல்லை என்பதால் அதை இத்துடன் விடுகிறேன். இந்த ஆண்டு நாங்கள் நாலு பேர் சேர்ந்து சூடேற்றிய உடனேயும் அரை மணி கழித்தும் 30 மீட்டர் ஓடி நேரம் பார்த்தோம். கையால் அமுக்கும் கடிகாரத்தின் பிழையே வித்தியாசத்தை விழுங்கிவிட்டது. ஆய்வாளர் ஆவது எளிதன்று.

“நம் ஊர் வெயிலுக்குச் சூடு வேறு ஏற்ற வேண்டுமா?” என்று சிலர் கேலி செய்வார்கள். சித்திரை வெயிலில் 5,000 மீட்டர் ஓடுகிறவருக்கு இந்தக் கேலி பொருந்தும். அவருக்கு உடல் சூடு மிஞ்சிப்போவதே பகை. நிழலும் தண்ணீரும்தான் அவருக்கு வேண்டும். சில விநாடிகளில் முடிந்துவிடுகிற ஓட்டத்துக்கும் தாண்டலுக்கும் எறிதலுக்கும் தசையின் உள்ளே இருக்கும் சூடுதான் கணக்கு. வெயில் தோளைச் சுட்டதால் என் தொடைக்கு வேகம் வந்துவிடவில்லையே!

“அப்படியானால் அழைக்கும்வரை ஓடிக்கொண்டே இரு” என்பது இன்னொரு யோசனை. விடியற்காலைப் பேருந்தில் வந்து இரண்டு இட்டிலி தின்றுவிட்டு நிற்கிறவன் இரண்டு மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தால் தாண்டும்போது என்ன மிஞ்சும்? சூடு இருக்கும், சக்தி இருக்காது.

பணக்கார நாடுகள் இதற்கு என்ன செய்தன என்று படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. 2012-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் மிதிவண்டி வீரர்கள் பந்தயங்களுக்கு இடையே மின்கலத்தால் சூடாகும் காற்சட்டை அணிந்து உட்கார்ந்திருந்தார்கள். அதன் பின்னணியில் லஃப்பரோ பல்கலைக்கழகம் செய்த ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. சூடேற்றிய பின் 30 நிமிடம் அசையாமல் இருந்த 11 மிதிவண்டி வீரர்களில், அந்தக் காற்சட்டையை அணிந்தபோது கிடைத்த உச்சத் திறன் சாதாரண டிராக் பேண்ட் அணிந்தபோது கிடைத்ததைவிடச் சுமார் 9 விழுக்காடு அதிகம். அந்த ஒலிம்பிக்கில் தடகள மிதிவண்டிப் பந்தயங்களின் பத்துத் தங்கங்களில் ஏழு அவர்களுக்கு. காற்சட்டைதான் தங்கம் வாங்கிக் கொடுத்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அரை மணி நேரக் காத்திருப்பை ஓர் எதிரியாக மதித்து அதனோடு போரிட்டிருக்கிறார்கள் பாருங்கள்!

நமக்கு மின்கலக் காற்சட்டை வேண்டாம். நனைந்த பனியனைக் கழற்றிவிட்டு உலர்ந்த சட்டை போடுவதற்கு என்ன செலவு? காலை மூட ஒரு பழைய போர்வை. இல்லையேல் அரைக்கால் சட்டைக்கு மேல் ஒரு கனத்த கைலி. பெயர் கூப்பிடும்வரை அதை அவிழ்க்காதிருப்பது. சிமெண்டுப் படியில் வெறுங்காலோடு உட்காராமல், சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து நடந்து, முறை நெருங்கும்போது இரண்டு மூன்று குறும்பாய்ச்சல் ஓடுவது. நீளம் தாண்டுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். எங்களுக்குக் காத்திருப்பு ஒருமுறையல்ல, ஆறுமுறை. 1968-இல் மெக்சிகோவில் பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டியது இறுதிப் போட்டியின் முதல் வாய்ப்பிலேயே. அந்தச் சாதனையை 1991-இல் டோக்கியோவில் 8.95 தாண்டி முறியடித்த மைக் பவல் அதைத் தாண்டியது ஐந்தாவது வாய்ப்பில். நான்கு முறை ஓடி, நான்கு முறை காத்திருந்து, ஐந்தாவதில்! பீமனைவிடப் பவலிடம்தான் எங்களைப் போன்றவர்கள் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இவை வீரர் தாமே செய்துகொள்ளக் கூடியவை. நடத்துகிறவர்கள் செய்ய வேண்டியவை அவர்களிடம்தான் இருக்கின்றன. நிகழ்ச்சி நிரலில் 8.15 என்று அச்சிட்டால் அது 8.15 ஆக இருக்கட்டும். தள்ளிப்போனால் ஒலிபெருக்கியில் எத்தனை மணிக்கு என்று தெளிவாகச் சொல்லட்டும். “இன்னும் சற்று நேரத்தில்” என்பது நேரமன்று. அதை நம்பி எந்த வீரரும் எப்போது சூடேற்றுவது என்று முடிவு செய்ய முடியாது. பெரிய போட்டிகளில் வீரர்களை முன்கூட்டியே அழைப்பு அறையில் உட்காரவைத்து எண்ணையும் ஸ்பைக் காலணியையும் சரிபார்ப்பது உண்டு. அது தேவையான முறை. ஆனால் அங்கேயும் எழுந்து நடக்கப் பத்தடி இடம் வேண்டும். சிறப்பு விருந்தினரை நாம் மதிக்கத்தான் வேண்டும். அவர் உரையைப் பரிசளிப்பு விழாவில் வைத்தால், வென்றவர்களும் தோற்றவர்களும் நிம்மதியாக உட்கார்ந்து கேட்பார்கள். அவருக்கும் அது மரியாதைதானே? அணிவகுப்பைத் தவிர்க்க முடியாதென்றால், முதல் போட்டிகளில் கலந்துகொள்பவர்களையாவது அதிலிருந்து விடுவிக்கலாம். கொடிக்கு வணக்கம் செலுத்த மற்றவர்கள் இல்லையா?

நம் கல்லூரிக்கும் ஒன்று கேட்கிறேன். ஆண்டுதோறும் விளையாட்டு விழாவுக்குக் கோப்பைகள் வாங்குகிறோம். அலமாரியில் இடமில்லாமல் சில கோப்பைகள் வேதியியல் கிடங்கில் இருப்பதை நானே பார்த்தேன். ஓர் ஆண்டு கோப்பைகளைச் சிறியதாக வாங்கி, மீதிப் பணத்தில் பன்னிரண்டு டிராக் பேண்ட்டும் ஆறு கம்பளியும் வாங்கி உடற்கல்வித் துறையில் வைக்கலாம். யார் போட்டிக்குப் போகிறார்களோ அவர்கள் எடுத்துப்போய், துவைத்துத் திருப்பித் தரட்டும். டிராக் சூட் வாங்க முடிந்தவனுக்குத் தசை சூடாகவும், முடியாதவனுக்குக் குளிர்ந்தும் இருப்பது விளையாட்டின் விதிகளில் எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் அன்று அந்த வரிசையில் அப்படித்தான் இருந்தது.

இதை நான் நம் உடற்கல்வி இயக்குநரிடம் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். “நீ சொல்றது சரிதாம்பா. ஆனா வாயால சொன்னா ஆபீஸ்ல பணம் வராது. விண்ணப்பமா எழுதிக் கொடு, முதல்வர்கிட்ட வைக்கறேன்” என்றார். அன்று மாலையே ஒரு முழுத்தாளில் எழுதி, தடகள அணியின் பதினேழு பேரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டேன். அடுத்த மண்டலப் போட்டி தை மாதத்தில். அம்மா தன் பழைய கம்பளியை இப்போதே துவைத்து மடித்து வைத்திருக்கிறார்.